குறட்டைக்கும் உறக்க மூச்சுத்தடைக்கும் வாய்க் கருவி: பரிசோதனை முதல் பராமரிப்பு வரை

குறட்டைத் தொல்லைக்குத் தீர்வு தேடுபவர்கள் பெரும்பாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ நாடுகிறார்கள். பல் மருத்துவரிடமும் இதற்கொரு சிகிச்சை உண்டு என்பது, காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் இயந்திரத்தின் முகமூடியைப் பொறுக்க முடியாமல் அதைப் பரணில் ஏற்றிய பிறகே பலருக்குத் தெரியவருகிறது. இரவில் பற்களில் மாட்டிக்கொண்டு, கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே நிறுத்தி வைக்கும் வாய்க் கருவிதான் அந்தச் சிகிச்சை. அதை யார் போட்டுக்கொள்ளலாம், எதை முதலில் செய்ய வேண்டும், எங்கே பணமும் காலமும் வீணாகக்கூடும் என்பவற்றைக் கீழே விளக்கியிருக்கிறேன். கருவி செய்வதற்கு முன்னால் ஒருமுறையும், அது வாய்க்குப் பழகிய பின் மறுமுறையும் உறக்கப் பரிசோதனை செய்துகொள்ளாவிட்டால் இந்தச் சிகிச்சை அரைகுறையாகவே நின்றுவிடும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதியும் மென்மையான பின் அண்ணமும் பின்னோக்கிச் சரிந்து மூச்சுப்பாதையைக் குறுக்குகின்றன. அந்தக் குறுகலில் காற்று புகுந்து வெளியேறும்போது சதை அதிர்வதால் எழும் ஒலியே குறட்டை. பாதை முற்றிலும் அடைபட்டுக் குறைந்தது 10 விநாடிக்குக் காற்றோட்டம் நின்றுபோவதை மூச்சுத்தடை, அதாவது ஏப்னியா, என்கிறார்கள். அப்போது ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பாதி விழித்துத் தசைகளை இறுக்குகிறது, ஒரு செருமலோடு மூச்சு திரும்புகிறது, மறுபடியும் உறக்கம், மறுபடியும் அடைப்பு. நாக்கின் பெரிய தசை கீழ்த்தாடையின் முன்பக்க உட்புறத்தில் பற்றியிருப்பதால், தாடை முன்னே வந்தால் நாக்கும் உடன் வருகிறது. தொண்டையின் பக்கச் சுவர்களும் சற்று விறைத்து, பாதை அகலவாட்டில் விரிகிறது. அறுவை அரங்கில் மயக்க மருத்துவர் நோயாளியின் தாடைக் கோணத்தைப் பற்றி முன்னே தள்ளி மூச்சுக்கு வழிசெய்வதும் இதே காரணத்தால்தான். இந்த எண்ணம் புதிதன்று. பிரெஞ்சு மருத்துவர் பியேர் ரோபேன், சிறுத்த தாடையால் நாக்கு பின்னே சரிந்து மூச்சுக்குத் திணறியவர்களுக்காக 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தகைய கருவியைப் பயன்படுத்தினார். சிபேப் இயந்திரமோ, சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் 1981-இல் அறிவித்த பின்னரே வந்தது.

முதலில் பரிசோதனை

குறட்டை விடும் எல்லோருக்கும் மூச்சுத்தடை இருப்பதில்லை. ஆனால் சத்தத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய எந்த மருத்துவராலும் முடியாது. வீட்டிலேயே செய்யக்கூடிய முதல் சல்லடை, மயக்க மருத்துவர்கள் அறுவைக்கு முன் பயன்படுத்தும் எட்டுக் கேள்விகள்: மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் அளவுக்குக் குறட்டை உண்டா, பகலில் களைப்போ தூக்கக் கலக்கமோ உண்டா, உறக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா, ரத்த அழுத்தம் உண்டா, உடல் நிறை குறியீடு 35-க்கு மேலா, வயது 50-க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா என்பவை. மூன்றுக்கு "ஆம்" என்றாலே சந்தேகப்பட இடமுண்டு. ஐந்தும் அதற்கு மேலும் என்றால் அபாயம் அதிகம். நம்மவர்கள் இதில் 35 என்ற எடை வரம்பை நம்பி நிம்மதி கொள்ளக் கூடாது. ஆசியர்களின் முக, தாடை அமைப்பு காரணமாக, மேலைநாட்டவரைவிடக் குறைந்த எடையிலேயே இந்நோய் வருவது தெரிந்த செய்தி. ஒல்லியாக இருந்து, மோவாய் சற்று உள்வாங்கியிருப்பவருக்கும் இது கடுமையாக இருக்கக்கூடும். நெஞ்சு ஏறி இறங்குவது தெரியும்படி வெளிச்சம் வைத்து, குடும்பத்தினர் ஒருவர் சில நிமிடம் கைப்பேசியில் காணொளி எடுத்து மருத்துவரிடம் காட்டினால், நேரில் விவரிப்பதைவிட அது பயன்படும்.

அடுத்தது உறக்கப் பரிசோதனை. மருத்துவமனையில் ஓர் இரவு தங்கி, மூளை அலைகள், கண் அசைவு, இதயத் துடிப்பு, மூச்சு எனப் பலவற்றையும் பதிவுசெய்வது முழுமையான வகை. மூக்கருகே ஒரு மெல்லிய குழாய், மார்பில் ஒரு பட்டை, விரல் நுனியில் ஆக்சிஜன் அளவிடும் கவ்வி ஆகியவற்றோடு வீட்டிலேயே செய்துகொள்ளும் எளிய வகையும் உண்டு. இதய நோய், நுரையீரல் நோய் போன்ற சிக்கல் இல்லாத பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் போதும். அறிக்கையில் நீங்கள் தேட வேண்டிய எண், ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்றதும் குறைந்ததுமான நிகழ்வுகளின் சராசரி. அறிக்கையில் அதை ஏ.எச்.ஐ. எனக் குறித்திருப்பார்கள். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழ் இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-உம் அதற்கு மேலும் கடுமையானது. 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. எட்டு மணி நேர உறக்கத்தில் 240 முறை. இந்த எண்ணோடு, ஆக்சிஜன் எவ்வளவு தாழ்ந்தது, மல்லாந்து படுக்கும்போது மட்டும் அதிகரிக்கிறதா என்ற இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாய்க் கருவி யாருக்கு என்பதில் பெரிய குழப்பமில்லை. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகமும், அந்நாட்டுப் பல்சார் உறக்க மருத்துவக் கழகமும் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூச்சுத்தடை இல்லாத வெறும் குறட்டைக்கும், சிபேப்பைத் தாங்க முடியாத அல்லது அதற்கு மாற்றை விரும்பும் பெரியவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்கிறது. மூச்சுத்தடையின் எண்ணிக்கையைக் குறைப்பதில் சிபேப்தான் வலுவானது; கடுமையான நிலையில் அதையே முதலில் முயல வேண்டும். ஆனால் சிபேப்பை இரவு முழுவதும் மாட்டியிருப்பவர்கள் குறைவு; வாய்க் கருவியைக் கூடுதல் நேரம் போட்டிருக்கிறார்கள். அதனால் பகல் தூக்கம், ரத்த அழுத்தம் போன்றவற்றில் இரண்டின் பலனும் நெருங்கி வருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கருவி போதிய பலன் தருவதில்லை என்பதும் உண்மை. இளவயதினர், பெண்கள், எடை குறைந்தவர்கள், மல்லாந்து படுக்கும்போது மட்டும் தொல்லைப்படுபவர்கள் ஆகியோருக்குப் பலன் கூடுதல் எனினும், இன்னாருக்கு நிச்சயம் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. மூளையிலிருந்து மூச்சுக் கட்டளை வராததால் நேரும் வேறொரு வகை ஏப்னியாவுக்கு இக்கருவி உதவாது. பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பல் மருத்துவரின் நாற்காலியில்

உறக்கப் பரிசோதனை அறிக்கையையும், கருவி போடலாம் என்ற மருத்துவரின் சீட்டையும் எடுத்துக்கொண்டு செல்லுங்கள். எல்லாப் பல் மருத்துவர்களும் இதைச் செய்வதில்லை. எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், செய்த பிறகு மறுபரிசோதனைக்கு அனுப்புகிறாரா என்று கேட்பதில் தவறில்லை. அறிக்கையைக் கேட்காமலேயே அளவெடுக்க முனைபவரிடம் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

நாக்கின் ஓரத்தில் பற்கள் பதிந்த தழும்பு, குறுகி உயர்ந்த அண்ணம், பெருத்த டான்சில், தேய்ந்த கடைவாய்ப் பற்கள், வாயைத் திறந்து நாக்கை நீட்டினால் உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்பவற்றை அவர் பார்ப்பார். பிறகு கருவியைத் தாங்கப் பற்களுக்கு வலுவிருக்கிறதா என்று ஆராய்வார். மேலும் கீழும் தாடைக்கு எட்டுப் பற்களாவது உறுதியாக இருப்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஈறு நோயால் ஆடும் பற்கள், வாயைத் திறக்கும்போதே வலிக்கும் தாடை மூட்டு ஆகியவை இருந்தால் முதலில் அவற்றைக் கவனிக்க வேண்டும். முழுப் பல்செட்டு அணிபவர்களுக்கு வழக்கமான கருவி நிற்காது. தாடை எலும்பில் இம்ப்ளான்ட் பதித்து அதில் பொருத்துவது ஒரு வழி.

இங்கே வரிசை முக்கியம். நிலுவையில் உள்ள சொத்தையடைப்பு, ரூட் கேனல், கேப் ஆகிய எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் அளவு கொடுக்க வேண்டும். கருவி உங்கள் பற்களின் வடிவத்துக்கு அச்சொட்டாகச் செய்யப்படுவது. அடுத்த மாதமே ஒரு கேப் போட்டால் அது பொருந்தாமல் போகும். கிளிப் போட்டுப் பற்களை நகர்த்திக்கொண்டிருப்பவர்கள் அது முடியும்வரை காத்திருப்பதே பொதுவாக நல்லது. மூக்கடைப்பு இருந்தால் அதையும் முன்னதாகச் சரிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் மூக்கு அடைத்திருப்பவர் வாயால் மூச்சுவிட நேர்ந்து கருவியைத் துப்பிவிடுவார்.

அடுத்து, தாடை முன்னும் பின்னும் எவ்வளவு நகர்கிறது என்று அளவுகோல் பொறித்த ஒரு சிறிய கவ்வியை முன்பற்களில் கடிக்கக் கொடுத்து அளப்பார்கள். ஒருவரின் தாடை முழுப் பின்னிலையிலிருந்து முழு முன்னிலைக்கு 12 மில்லிமீட்டர் நகர்கிறது என்று கொள்வோம். தொடக்கத்தில் அதன் பாதியான 6 மில்லிமீட்டரில் தாடையை நிறுத்தி, அந்த நிலையிலேயே பற்களுக்கிடையே மெழுகோ ரப்பர் போன்ற பசையோ வைத்துப் பதிவெடுப்பார்கள். சிலர் 60, 70 விழுக்காட்டில் தொடங்குவதும் உண்டு. பின் இரு வரிசைப் பற்களையும் ஸ்கேனரிலோ பசை நிரப்பிய தட்டிலோ அளவெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தாடையை முன்னே தள்ளியும் 5 மில்லிமீட்டர்கூட நகராதவருக்கு இந்தச் சிகிச்சை கைகொடுப்பது கடினம்.

மேலும் கீழும் ஒரே கட்டியாக அமைந்த கருவி மலிவு. ஆனால் ஒருமுறை செய்த நிலையை மாற்ற முடியாது. இரண்டு தனித் தட்டுகளைப் பக்கவாட்டில் திருகாலோ பட்டையாலோ கொக்கியாலோ இணைத்து, சிறிது சிறிதாக முன்னே கூட்டக்கூடிய வகைதான் பரிந்துரைக்கத்தக்கது. அதில் தாடை சற்றுப் பக்கவாட்டில் அசையவும் இடமிருக்கும். உறக்கத்தில் பல் கடிப்பவர்களுக்கு அந்த அசைவு அவசியம். வாயை மிகுதியாகத் திறந்து நிறுத்தும் தடித்த கருவியைத் தவிர்க்கப் பாருங்கள். வாய் திறக்கத் திறக்கத் தாடை கீழும் பின்னுமாகச் சுழல்வதால் முன்னே தள்ளியதன் பலன் குறைந்துவிடும்.

போட்டுப் பழகுதல்

முதல் சில இரவுகளில் எச்சில் ஊறித் தலையணை நனையும். சிலருக்கு மாறாக வாய் வறளும். காலையில் முன்பற்களில் லேசான வலியும், காதுக்கு முன்னால் தசை இறுக்கமும் இருக்கும். படுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் விழித்திருக்கும்போதே கருவியை மாட்டிக்கொண்டு பழகினால் இவை பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். அடங்காமல் கூடிக்கொண்டே போனால் பொறுத்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வாய் பழகிய பின்னரே தாடையை முன்னே கூட்டத் தொடங்க வேண்டும். மருத்துவர் ஒரு சாவியைக் கொடுத்து, திருகை எத்தனை சுற்று திருப்ப வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று சொல்லித் தருவார். ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரைதான் கூட்டுவது வழக்கம். இரு பக்கத் திருகுகளையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போனால் தாடை கோணலாக நிற்கும். ஒரு நோட்டில் தேதி, திருப்பிய அளவு, குறட்டை பற்றி வீட்டார் சொன்னது, காலையில் தாடை வலி ஆகிய நான்கையும் எழுதி வாருங்கள். வேகமாகப் பலன் வேண்டும் என்று சொன்னதைவிட அதிகம் திருப்புபவர்களே தாடை மூட்டு வலியோடு கருவியைக் கைவிடுகிறார்கள்.

குறட்டை நின்று, பகல் தூக்கம் குறைந்ததும் வேலை முடிந்ததாகத் தோன்றும். அங்கேதான் பெரும்பாலோர் சிகிச்சையை நிறுத்திவிடுகிறார்கள், மருத்துவர்களில் சிலரும்கூட. அதிர்வு நின்று சத்தம் அடங்கிய பிறகும் மூச்சு குறைவதும் நிற்பதும் தொடரக்கூடும். முன்னர் 28 ஆக இருந்த ஏ.எச்.ஐ. எண் 18-க்கு வந்திருக்கலாம். வீட்டில் அமைதி நிலவும், ஆனால் நோய் இன்னும் நடுத்தர நிலையிலேயே இருக்கும். ஆகவே கருவியை வாயில் மாட்டிக்கொண்டே உறக்கப் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும். எண் 5-க்குக் கீழ் வந்தால் நல்லது. பாதியாகக் குறைந்தும் 10-க்கு மேல் நின்றால், இன்னும் முன்னே கூட்ட இடமிருக்கிறதா, மல்லாந்து படுப்பதைத் தவிர்த்தால் போதுமா, எடை குறைப்பதா, சிபேப்புக்குத் திரும்புவதா என்று உங்கள் மருத்துவரும் பல் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். இரண்டாவது பரிசோதனைக்கான செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொண்டு விலை பேசுவது நல்லது.

கடிமாற்றமும் பராமரிப்பும்

இரவெல்லாம் தாடை முன்னே நின்றிருப்பதால், காலையில் கருவியைக் கழற்றியதும் கடைவாய்ப் பற்கள் சேராமல், முன்பற்கள் மட்டும் முட்டுவதுபோல் இருக்கும். இது இயல்பே. கால் மணி நேரம் கழித்துத் தாடையை உள்ளங்கையால் மெல்லப் பின்னே அழுத்தி, மருத்துவர் செய்துகொடுத்த சிறு கடித் தகட்டைச் சில நிமிடம் கடித்திருந்தால் பழைய நிலைக்கு வரும். காலை உணவுக்கு முன் ஒரு மெல்லிய காகிதத் துண்டைக் கடைவாய்ப் பற்களுக்கிடையே வைத்துக் கடித்து இழுத்துப் பாருங்கள்; இரு பக்கமும் பிடித்து நின்றால் தாடை திரும்பிவிட்டது என்று பொருள். இதைத் தினமும் செய்தாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல மேல் முன்பற்கள் சற்று உள்ளேயும் கீழ் முன்பற்கள் சற்று வெளியேயும் சாய்ந்து, கடி நிரந்தரமாக மாறக்கூடும். பலர் அதை உணர்வதில்லை, உணர்ந்தாலும் பொருட்படுத்துவதில்லை. மூச்சுத்தடையால் இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நேரும் கேட்டோடு ஒப்பிட்டால் இது ஏற்கத்தக்க விலைதான் என்பது என் கருத்து. வெறும் குறட்டைக்காக மட்டும் போடுபவர் இதை இன்னொருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

காலையில் கருவியைக் குளிர்ந்த நீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காற்றோட்டமுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். வெந்நீர் ஆகாது, அக்ரிலிக் வளைந்துவிடும். நாய் வளர்ப்பவர்கள் அதற்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும், எச்சில் மணம் பிடித்துக் கடித்துக் குதறிவிடும். இரவில் பல் துலக்கிய பின்பே மாட்டுங்கள். மாட்டிய பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் குடிக்கக் கூடாது. மதுவும் தூக்க மாத்திரைகளும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தி, கருவியின் பலனைக் கெடுத்துவிடும்.

கடைத்தெருவும் மற்ற வழிகளும்

வெந்நீரில் போட்டு மென்மையாக்கிக் கடித்துக்கொள்ளும் ஆயத்தக் கருவிகள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. அவை இரவில் கழன்று விழும், பல்லை ஒழுங்காகப் பற்றாது, எவ்வளவு முன்னே தள்ளுகிறோம் என்ற கட்டுப்பாடும் இருக்காது. அது பலிக்கவில்லை என்பதை வைத்துச் செய்து போடும் கருவியும் பலிக்காது என்று முடிவுகட்டவும் முடியாது. இதைவிட அஞ்ச வேண்டியது வேறொன்று. பல் தேய்மானத்துக்காக மேல்வரிசைக்கு மட்டும் கொடுக்கப்படும் நைட் கார்டைக் குறட்டைக் கருவி என்று எண்ணிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது தாடையை முன்னே நகர்த்துவதில்லை. மூச்சுத்தடை உள்ள சிலருக்கு அது நிலைமையை மோசமாக்கியதும் பதிவாகியிருக்கிறது. பல் கடிப்பதற்காக நைட் கார்டு போட்டிருப்பவருக்குக் குறட்டையும் உண்டென்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பற்கள் போதாதவர்களுக்கு, நாக்கு நுனியை ஒரு மென்மையான குமிழுக்குள் உறிஞ்சிப் பிடித்து முன்னே நிறுத்தும் கருவி இருக்கிறது. பொக்கை வாயினரும் போடலாம், ஆனால் பழகுவது கடினம். நாக்கு, அண்ணத் தசைகளுக்கான பயிற்சிகளைச் சில மாதங்கள் விடாமல் செய்தால் குறட்டையும் மூச்சுத்தடையும் ஓரளவு குறைவதாகப் பிரேசிலில் நடந்த ஆய்வு காட்டியது. துணைச் சிகிச்சையாக அது நல்லது. இரு தாடைகளையும் அறுத்து 10 மில்லிமீட்டர் அளவுக்கு முன்னே கொணர்ந்து பொருத்தும் அறுவையைத் தாடை அறுவை மருத்துவர்கள் செய்கிறார்கள். தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் அதன் வெற்றி விகிதம் உயர்ந்தது. முகத்தோற்றம் மாறும், கீழுதடு மரத்துப்போகலாம், குணமாக மாதங்கள் ஆகும்.

குழந்தைகளின் கதை வேறு. வாயைத் திறந்து உறங்குவது, வியர்ப்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவது, வகுப்பில் துறுதுறுவென்று கவனமின்றி இருப்பது ஆகியவற்றோடு குறட்டையும் சேர்ந்தால் முதலில் டான்சில், அடினாய்டு (மூக்கின் பின்புறமுள்ள சதை) வீக்கத்தைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். மேல்தாடை குறுகியிருக்கும் குழந்தைக்கு, பல்லில் பற்றிய திருகுக் கருவியைச் சில வாரங்கள் திருகி அண்ணத்தை அகலப்படுத்தலாம். அண்ண எலும்பின் இரு பாதிகளும் சேரும் நடுத்தையல் இணைந்து இறுகும் முன் செய்தால்தான் அது எளிது. பெரியவர்களுக்கான தாடைக் கருவியை வளரும் பிள்ளைக்குத் தாமாக வாங்கி மாட்டக் கூடாது.

கருவி அமைந்தபின் முதல் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கொருமுறையும் பல் மருத்துவரைப் பாருங்கள். அளவெடுத்த நாளில் செய்த பல் அச்சையோ ஸ்கேன் பதிவையோ பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். கடி மாறியிருக்கிறதா என்பதை அதோடு ஒப்பிட்டுத்தான் கூற முடியும். ஒவ்வொரு முறையும் கருவியைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். சில ஆண்டுகளில் அது தேய்ந்து தளரும், திருகு நழுவும், புதிதாகச் செய்ய வேண்டிவரும். எடை கூடினாலும், குறட்டை திரும்பினாலும், பகலில் வாகனம் ஓட்டும்போது கண் செருகினாலும் அடுத்த ஆண்டுச் சந்திப்புக்காகக் காத்திருக்காமல் உறக்கப் பரிசோதனையை உடனே மறுபடி செய்துகொள்ளுங்கள். அதன் முடிவு வரும்வரை வண்டியை வேறொருவர் ஓட்டட்டும்.